தொட்டில் அறையும் குழந்தையின் பேச்சும்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 48-ஆவது பிரிவு குழந்தைகளைப் பற்றியது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு ஆலையும் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்றது அது. 1976-இல் வந்த திருத்தம் ஐம்பதை முப்பதாகக் குறைத்தது. அறையில் காற்றும் வெளிச்சமும் இருக்க வேண்டும். சுத்தமாக இருக்க வேண்டும். பிள்ளை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும். துணி துவைக்க இடம், இலவசமாகப் பால் அல்லது சிற்றுண்டி, வேலைக்கு நடுவே தாய் வந்து பால் கொடுக்க வசதி ஆகியவற்றுக்கு மாநில அரசுகள் விதி செய்யலாம் என்றும் அது சொன்னது. அப்படி எழுதப்பட்ட விதிகளில் குழந்தைக்கு ஒரு தொட்டில், தாய் உட்கார ஒரு நாற்காலி, சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குப் பொம்மைகள் என்று கணக்கு விரிகிறது. அக்கறையோடு எழுதிய சட்டம்தான். ஆனால் நாளெல்லாம் அந்த அறையில் இருக்கும் பத்து மாதக் குழந்தையிடம் யார் பேசுவது, ஒருத்தியால் எத்தனை குழந்தைகளோடு பேச முடியும் என்ற கேள்வி சட்டத்தில் எழவே இல்லை. சென்னையின் மேற்குப் புறநகர்களில் பிள்ளை வளர்ப்புக்கென அரசும் ஆலைகளும் செய்தவற்றை முக்கால் நூற்றாண்டுக்குத் தொடர்ந்து பார்த்தால் இதே விடுபடல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பாலை அளந்தார்கள், எடையை அளந்தார்கள். குழந்தையோடு பேச ஓர் ஆளின் நேரத்தை மட்டும் யாரும் ஒதுக்கவில்லை. மொழி வளர்வதற்கு வேண்டிய முதல் பொருள் அந்த நேரம்தான். அது பறிபோன கதைதான் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிக் குழந்தைகளின் மொழி வரலாறு என்பது என் வாதம்.

ஏரியும் வயலுமாக இருந்த இந்த வட்டாரம் இருபது ஆண்டுகளுக்குள் முகம் மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது ஆவடியில் ராணுவக் கிடங்குகள் வந்தன. 1949-இல் பிறந்த டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை கட்டியது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. பாடியில் 1960-61-இல் வீல்ஸ் இந்தியாவும் லூகாஸ் டி.வி.எஸ்-ஸும், 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தன. முதல் தலைமுறையில் ஆலைக்குள் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஏற்றுமதி ஆடை, மின்னணுப் பொருள்கள், பேக்கிங் என்று சிறு கூடங்கள் பெருகிய பிறகு பெண்களும் காலை ஷிப்ட்டுக்குக் கிளம்பினார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் தென் ஆற்காட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் வரிசை வீடுகளில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தன. அந்த ஓர் அறையில் பாட்டிக்கு இடமில்லை. அவள் ஊரிலேயே இருந்துவிட்டாள். கைக்குழந்தையை ஊருக்கு அனுப்புவது, பக்கத்து வீட்டில் விடுவது, மூத்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பார்த்துக்கொள்ளச் சொல்வது என்ற மூன்றில் ஒன்றுதான் தாயின் கையில் இருந்தது.

கிராமத்தில் அந்தப் பாட்டி செய்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, பெயரும் கிடையாது. ஆனால் தமிழ் மரபு அந்த வேலையின் அளவை நுட்பமாக அறிந்திருந்தது. பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பாருங்கள்: ஐந்தாம் மாதம் தலையைத் தூக்கி ஆடும் செங்கீரை, ஒன்பதில் கை தட்டும் சப்பாணி, நடக்கத் தொடங்கும்போது வருகை, பிறகு நிலவைக் காட்டி அழைக்கும் அம்புலி. தெய்வத்துக்கும் அரசனுக்கும் பாடிய இலக்கியமானாலும், ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பெரியவர் குழந்தையின் எதிரில் உட்கார்ந்து அதனோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பதே அதன் அடிப்படை. சாதாரண வீட்டில் இதையே தாலாட்டும் சாய்ந்தாட்டமும் நிலாச்சோறும் காக்கா கதையும் செய்தன. வாசலில் காகம் வந்து உட்காரும். குழந்தை கையை நீட்டி “ஆ… த்தா” என்னும். பாட்டி “காக்காவா? காக்கா வந்துச்சா? என்னா கேக்குது, சோறு கேக்குதா?” என்பாள். குழந்தை மறுபடி “தா” என்னும். “குடுக்கலாமா? நீயே குடு” என்று அதன் விரலிடுக்கில் ஒரு பருக்கையை வைப்பாள். அரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் குழந்தை பார்த்த பொருளுக்கே பெயர் கிடைத்துவிட்டது, அதன் குரலுக்குப் பதில் கிடைத்துவிட்டது, அடுத்து பேச வேண்டிய முறை தன்னுடையது என்பதும் அதற்குத் தெரிந்துவிட்டது.

இந்த அரை நிமிடத்தில் மூளைக்குள் நடப்பதைக் கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி விளக்கியிருக்கிறது. கருவில் ஆறாம் மாதமளவிலேயே காது கேட்கத் தொடங்குகிறது. பிறந்து மூன்று நாளுக்குள் குழந்தை தன் தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலைவிட விரும்பிக் கேட்கிறது என்று 1980-இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளைச் சிகாகோவில் நுண்ணோக்கியின் கீழ் எண்ணிய பீட்டர் ஹுட்டன்லோக்கர், கேட்டலுக்குரிய பகுதியில் அவை மூன்றாம் மாதமளவிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுவதைக் கண்டார். அதன்பிறகு பயன்படும் இணைப்புகள் உறுதிப்படுகின்றன, பயன்படாதவை கழிகின்றன. எது பயன்படும் என்பதைக் குழந்தையைச் சுற்றி ஒலிக்கும் பேச்சு தீர்மானிக்கிறது. 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் செய்த சோதனை இதற்குத் தெளிவான சான்று. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் ‘த’வையும் ‘ட’வையும் பிரித்தறிந்தன, ஒரு வயதை நெருங்கியபோது பெரும்பாலானவற்றால் அது முடியவில்லை. ‘பல்லி’யும் ‘பள்ளி’யும் வேறு என்று கேட்கும் தமிழ்க் காதும் இப்படித்தான் முதல் பிறந்தநாளுக்குள் செதுக்கப்படுகிறது.

ஒலி காதில் விழுந்தால் போதும், வானொலியோ தொலைக்காட்சியோ அதைச் செய்துவிடுமே என்று கேட்கலாம். 2003-இல் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் இதைச் சோதித்தார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீனமொழி பேசுபவர்கள் நேரில் விளையாட்டுக் காட்டிப் பேசினார்கள். குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள் அதே பேச்சை ஒளிப்பதிவில் பேசிக் காட்டியபோது குழந்தைகள் எதையும் கற்கவில்லை. மூளையின் பேச்சுப் பகுதி குழந்தைகள் கதை கேட்கும்போது எவ்வளவு இயங்குகிறது என்று 2018-இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்த ரேச்சல் ரோமியோவின் குழு, வீட்டில் அந்தக் குழந்தை பெரியவர்களோடு எத்தனை முறை மாறி மாறிப் பேசியது என்பதோடு அது பொருந்திவருவதைக் கண்டது. குடும்ப வருமானத்தைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பொருத்தம் நின்றது. குழந்தை பேசும்போது நிறுத்திக் கேட்டுப் பதில் சொல்லும் ஒருவர் வேண்டும் என்பதே இரண்டு சோதனைகளும் சொல்வது.

தூண்டல் என்றதும் வண்ணப் படமும் விலையுயர்ந்த பொம்மையும் நினைவுக்கு வருகின்றன. பூந்தமல்லியில் அரசு நடத்தும் பார்வையற்றோர் பள்ளியின் மாணவர்களை எண்ணிப் பார்த்தால் அந்த நினைப்பு தளரும். பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தை ஒரு படத்தையும் பார்த்ததில்லை. ஆனால் பேச்சு கிடைத்தால் மொழி முழுமையாக வந்துவிடுகிறது. ‘பார்’ போன்ற சொற்களைக்கூடப் பார்வையற்ற குழந்தைகள் பொருள் உணர்ந்து பயன்படுத்துவதை பார்பரா லாண்டாவும் லைலா கிளெய்ட்மனும் 1985-இல் விரிவாக எழுதினார்கள். காது கேளாத குழந்தைக்குக் கண் நிறையக் காட்சி இருந்தும், ஒலியாகவோ சைகையாகவோ ஒரு மொழி ஆரம்ப ஆண்டுகளில் எட்டாவிட்டால் பின்னர் அந்த இழப்பை முழுதும் ஈடுசெய்ய முடிவதில்லை. காது கேளாத குழந்தைகளுக்காகச் சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா இந்த உண்மையின் மேல் கட்டப்பட்டது. கைக்குழந்தைப் பருவத்திலேயே சேர்த்துக்கொள்வதும், தாயும் கூடவே வந்து உட்கார்ந்து பழக வேண்டும் என்பதும் அதன் முறை. தாயின் நேரத்தைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே எழுதிய நிறுவனம் அது. கேட்கும் திறன் உள்ள குழந்தைக்கு அந்த நேரம் தானாகவே கிடைத்துவிடும் என்று மற்றவர்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

இவற்றில் பல அறுபதுகளில் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்லப்படலாம். ஸ்கேன் முடிவுகள் தெரிந்திருக்காதுதான். அடிப்படைக் கருத்து தெரிந்திருந்தது, அதுவும் சென்னையிலேயே. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். இத்தாலி போரில் இறங்கியதால் எதிரி நாட்டவராகி, சென்னையிலும் கொடைக்கானலிலுமாகப் போர் முடியும் வரை தங்க நேர்ந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் குழந்தை சுற்றுச்சூழலிலிருந்து மொழியை எப்படி உள்வாங்குகிறது என்பதை மையமாகக் கொண்ட ‘உறிஞ்சும் மனம்’ என்ற அவருடைய நூல் 1949-இல் அடையாற்றில்தான் அச்சாகி வெளிவந்தது. தொழிற்சாலைகள் சட்டத்துக்கு அடுத்த ஆண்டு. மாண்டிசோரி முறை நகரின் கட்டணப் பள்ளிகளுக்குள் போனது. ரோம் நகரத் தொழிலாளர் குடியிருப்பில், வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகளுக்காக 1907-இல் அவர் தொடங்கியது அது என்பது மறந்துபோனது. அடையாற்றுக்கும் அம்பத்தூருக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தத் தொலைவைக் கடக்க வேண்டிய ஒரு கருத்து கடக்கவில்லை என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம்.

அரசு செய்தது வேறு. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் முன்பருவக் குழந்தைகளைப் பற்றிய அறிக்கையைத் தந்தது. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று; ஆனால் அது மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. 1980-இல் உலக வங்கிக் கடனோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டது. மொழி பிறக்கும் வயது அது. மாதந்தோறும் குழந்தையைத் துணித் தூளியில் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் நிற்கும் இடத்தை ஊழியர் அட்டையில் புள்ளியாக வைப்பார். புள்ளிகளை இணைத்த கோடு மேலே போகிறதா, சரிகிறதா என்று தாய்க்குக் காட்டுவார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு. கடும் ஊட்டச்சத்துக் குறைவைக் குறைத்ததற்காக உலகெங்கும் பேசப்பட்ட திட்டம் அது. அந்த அட்டையில் குழந்தை என்ன பேசுகிறது என்று குறிக்க இடமில்லை. முன்பருவக் கல்வி திட்டத்தில் சேர்க்கப்படவுமில்லை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகளை மையத்துக்கு வரவழைத்தது. செப்டம்பரில் நகரப் பகுதிகளுக்கும் விரிந்தது. பால்வாடி என்ற சொல் அம்பத்தூர்த் தெருக்களில் சோற்றோடு சேர்ந்த சொல்லானது அப்போதுதான்.

முதலில் சோறு, பிறகு பேச்சு என்பதுதானே நியாயம் என்பார்கள். பசித்த குழந்தையின் மூளை வளராது; இரும்பும் அயோடினும் குறைந்தால் அறிவு மங்கும். எல்லாம் உண்மை. ஆனால் ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளிவைக்க வேண்டிய கட்டாயம் இருந்ததா? ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-இல் சாலி கிராந்தம்-மக்கிரெகர், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை நான்கு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குச் சத்துணவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணிப்பெண் வீட்டுக்கு வந்து தாயோடும் குழந்தையோடும் பேசி விளையாடும் பழக்கம். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு எதுவுமில்லை. இரண்டு ஆண்டு முடிவில் உணவும் பலன் தந்தது, பேச்சும் பலன் தந்தது, இரண்டும் சேர்ந்தபோது கூடுதல் பலன். இருபது ஆண்டு கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. உணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீடித்த பலன் தெரியவில்லை. தராசு பிடித்து வீட்டுக்கு வீடு மாதம் தவறாமல் பழகிய ஊழியர்கள் தமிழ்நாட்டில் அதே ஆண்டுகளில் இருந்தார்கள். அவர்கள் கையில் இன்னொரு வேலையையும் கொடுத்திருக்கலாம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வயல் வேலைக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகளும் பேசக் கற்றார்கள். எலினார் ஓக்ஸ் ஆராய்ந்த சமோவாவிலும், பாம்பி ஷிஃபலின் ஆராய்ந்த பாப்புவா நியூகினியின் கலுலி மக்களிடமும் பெரியவர்கள் கைக்குழந்தையோடு உரையாடுவதே அரிது. அங்கும் எல்லாக் குழந்தைகளும் பேசுகின்றன. உண்மைதான். இலக்கணம் என்ற எலும்புக்கூடு மிகக் குறைந்த தீனியிலும் வளர்ந்துவிடும். எந்தச் சேரியிலும் எந்தச் சூளையிலும் பேச்சு வராத குழந்தைக் கூட்டம் என்று ஒன்று இருந்ததில்லை. வேறுபாடு சொல்வளத்தில் இருக்கிறது. நடந்ததைக் கோவையாகச் சொல்வதில், ஏன் எதற்கு என்று கேட்பதில் இருக்கிறது. பள்ளிக்கூடம் முதல் நாளிலிருந்தே எடைபோடுவது அவற்றைத்தான். வயலுக்குப் போனவளின் குழந்தை தனியாக இருக்கவும் இல்லை. பாட்டியும் அத்தையும் திண்ணையும் இருந்தன. வரிசை வீட்டின் பூட்டிய கதவுக்குள் அவை கிடையாது.

பணக்கார வீட்டுக் குழந்தையைவிட ஏழை வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று 1995-இல் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் எழுதியது உலகப் புகழ் பெற்றது. அந்த எண்ணை நான் நம்பி நிற்கவில்லை. அவர்கள் பார்த்தது கான்சாஸ் நகரின் 42 குடும்பங்களை மட்டுமே. சுற்றியிருப்பவர்களின் பேச்சையும் சேர்த்து எண்ணினால் ஏழைக் குடும்பங்களுக்கிடையிலேயே பெரிய வேறுபாடு இருப்பதை 2019-இல் டக்ளஸ் ஸ்பெர்ரியும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஏழைத் தாய்க்குப் பேசத் தெரியவில்லை என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லப்பட்ட போதனைகள் அநியாயமானவை. அம்பத்தூர்த் தாய்க்குத் தாலாட்டும் தெரியும், விடுகதையும் தெரியும். காலை எட்டரைக்கு ஆலை வாசலில் நின்று, இருட்டியபின் பஸ் பிடித்து வந்து, அடுப்பு மூட்டித் தண்ணீர் பிடித்து முடிக்கும்போது குழந்தை தூங்கிப்போயிருக்கும். அவளிடம் இல்லாதது நேரம். அதை எடுத்துக்கொண்டது ஆலை.

ஆவடியின் கதை வேறொரு அச்சத்தைத் தீர்க்க உதவும். மத்திய அரசுத் தொழிற்சாலைகளின் குடியிருப்புகளில் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் தமிழும் ஒரே தெருவில் புழங்குகின்றன. பல மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்ற பயத்தில் வீட்டு மொழியைக் கைவிட்டு அரைகுறை ஆங்கிலத்துக்கு மாறிய பெற்றோர் உண்டு. இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தைக்குக் கேடு வருவதில்லை என்பதில் ஆய்வாளர்களிடையே இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கேடு வருவது பெற்றோர் தமக்கு நன்றாக வரும் மொழியில் பேசுவதை நிறுத்தும்போது. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு வந்த ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஒடியா பாடநூலும் ஒடியா ஆசிரியரும் வரவழைக்கப்பட்டது நல்ல முன்மாதிரி. ஆனால் அந்த வகுப்புகள் பள்ளி வயதினருக்கானவை. தாய் கல் அறுக்கும்போது மண்ணில் உட்கார்ந்திருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அங்கும் ஏற்பாடில்லை.

இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது. 2019 ஜனவரியில் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. இவை எல்லாம் பேச்சை நோக்கிய நகர்வுகள்தான், வரவேற்கிறேன். ஆனால் மையத்தில் ஒரு டீச்சர், ஓர் ஆயா. எடை, உயரம், சத்துமாவு, பதிவேடு, கைபேசிச் செயலி எல்லாம் அந்த டீச்சரின் தலையில். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அங்கே நாள் முழுக்க இடமில்லை. மாலை ஷிப்ட் முடியுமுன் மையம் பூட்டப்பட்டுவிடும்.

ஆலைத் தொட்டில் அறை அந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டும். அம்பத்தூரில் அது நிரப்பாததற்குக் காரணம் தொழிற்பேட்டையின் அமைப்பிலேயே இருக்கிறது. சிறுதொழில்களுக்கென்று மனை பிரித்துக் கட்டப்பட்ட பேட்டை அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கூடங்கள், பலவற்றில் இருபது பேர், முப்பது பேர். சட்டம் எண்ணுவது ஒவ்வொரு ஆலையாக. முப்பது பெண்களைத் தாண்டினால்தான் 1948-இன் சட்டம் பொருந்தியது. ஐம்பது ஊழியர் இருந்தால்தான் 2017-இன் மகப்பேறு நலத் திருத்தம் பொருந்தியது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே வேலிக்குள் வேலை செய்தும், பலருடைய குழந்தைகள் கணக்கிலேயே வராமல் போவது இப்படித்தான். பேட்டையை ஒரே ஆலையாக எண்ணுங்கள் என்று மாநில அரசையும் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவையும் பேட்டையின் உற்பத்தியாளர் சங்கத்தையும் கேட்க வேண்டிய நேரம் இது. ஷிப்ட்டுக்கு முன் திறந்து ஷிப்ட்டுக்குப் பின் மூடும் பொதுக் காப்பகங்கள் வேண்டும்; மூன்று வயதுக்குட்பட்ட நாலைந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில், பேசுவதையே வேலையாகக் கொண்ட ஆட்கள் நல்ல சம்பளத்தில் வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பல நிறுவனங்கள் பணத்தைச் சேர்த்துப் பொதுக் காப்பகம் நடத்தலாம் என்று 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது.